350 செவெலுக்கு எத்தனை ஆர்பிஎம் ஸ்டால் கன்வெர்ட்டர் எடுக்கலாம்?

டிராய்_செவெல்72 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மிச்சிகனில் டிராய் பக்கம் இருக்கிறேன். இரண்டு வருடமாகக் கேரேஜில் பிரித்துப் போட்டிருந்த 1972 செவ்ரோலெட் செவெல் காரைப் போன மாதம்தான் சாலைக்குக் கொண்டுவந்தேன். எல்லாம் ஓடுகிறது, டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கும் நடுவில் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் பாகம்) விஷயத்தில் மட்டும் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன்.

வண்டி விவரம்: 350 கன இன்ச் ஸ்மால் பிளாக் இன்ஜின், கம்ப்ரஷன் 9.5, அலுமினிய ஹெட், டூயல் பிளேன் மேனிஃபோல்டு, 650 சிஎஃப்எம் கார்புரேட்டர், ஹெடர். கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) .050 அளவில் 230/236 டிகிரி, லோப் இடைவெளி 110. கியர் பாக்ஸ் பழைய மூன்று கியர் ஆட்டோமேட்டிக் டிஎச்350, போன குளிர்காலத்தில் நானே பிரித்து கிளட்ச் பிளேட், சீல் எல்லாம் புதிதாகப் போட்டேன். கன்வெர்ட்டர் மட்டும் வண்டியோடு வந்த 12 இன்ச். பின் ஆக்சில் 10 போல்ட், ரேஷியோ 3.08 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 3.08 சுற்று சுற்றும்). டயர் உயரம் 26 இன்ச். நான் உட்கார்ந்தால் மொத்த எடை 3,700 பவுண்டுக்குப் பக்கம் வரும்.

பிரச்சினை இதுதான். நியூட்ரலில் 900ல் நன்றாக நிற்கிறது. டிரைவ் போட்டதும் 600க்கு இறங்கி, இரண்டு உதறு உதறிவிட்டு ஆஃப் ஆகிவிடும். ஐடிலை 1,050க்கு ஏற்றிப் பார்த்தேன், அப்போது ஆஃப் ஆகவில்லை, ஆனால் டிரைவ் போடும்போது யாரோ பின்னாலிருந்து இடித்த மாதிரி ஒரு குத்து, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டி முன்னால் தள்ளிக்கொண்டே இருப்பதால் பிரேக்கைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். டிரைவில் இன்ஜின் உறிஞ்சும் வேக்குவம் 9 இன்ச்தான் காட்டுகிறது, அதனால் அதை நம்பியிருக்கும் பிரேக் பூஸ்டரும் முழுசாக வேலை செய்வதில்லை. கிளம்பும்போது 2,000 வரை மந்தம். 2,800 தாண்டினால் அது வேறு வண்டி.

மைலன் டிராக் ஸ்ட்ரிப்பில் ஓட்டும் நண்பர் ஒருவர் "கண்ணை மூடிக்கொண்டு 3500 போடு" என்கிறார். கேம் வாங்கிய இடத்தில் கொடுத்த காகிதத்தில் 2400 முதல் 2800 என்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவர், கன்வெர்ட்டரைத் தொடாதே, கேமைச் சிறிதாக்கு என்கிறார். மூன்று பேரும் விஷயம் தெரிந்தவர்கள்தான்.

நான் வண்டியை வார இறுதியில் எடுப்பேன், மனைவியும் பையனும் கூட வருவார்கள், வருடத்துக்கு இரண்டு முறையாவது டிராவர்ஸ் சிட்டி வரை போய்வர ஆசை, ஆகஸ்டில் பழைய கார்கள் கூட்டமாக ஊர்ந்து போகும் வுட்வர்ட் டிரீம் குரூஸ். டிராக் ஸ்ட்ரிப் போனால் வருடத்துக்கு மூன்று நாள்.

இன்னொரு அடிப்படைச் சந்தேகமும் இருக்கிறது. 3000 ஸ்டால் போட்டால் 3,000 ஆர்பிஎம் வரும்வரை வண்டி நகராதா? ஹைவேயில் நான் 2,600லேயே போவேன் என்றால் முழு நேரமும் வழுக்கிக்கொண்டேதான் போகுமா?

---

ஹூஸ்டன்_நோவா எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது புரிந்தால் மீதி பாதி தானாகப் புரிந்துவிடும். நகராது என்பது தவறு. நன்றாக நகரும்.

ஸ்டால் என்றதும் நம் ஊரில் டிரைவிங் கற்றவர்களுக்கு இன்ஜின் ஆஃப் ஆவதுதான் நினைவுக்கு வரும். இது அது இல்லை. வண்டியை நகரவிடாமல் கட்டிவைத்து ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால், இன்ஜின் எந்த ஆர்பிஎம்முக்கு மேல் ஏற முடியாமல் நிற்கிறதோ அதுதான் ஸ்டால் ஸ்பீடு. முழு மிதி, முழு டார்க், சக்கரம் சுற்றாத நிலை, இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும்தான் அந்த எண். சும்மா லேசாகக் கால் வைத்தால் 3000 ஸ்டால் கன்வெர்ட்டரும் 1,400, 1,500லேயே வண்டியை நகர்த்திவிடும். மேட்டில் நின்ற வண்டியை ஹாஃப் கிளட்ச்சில் பிடித்து எடுப்போமே, அந்தக் கிளட்ச் எவ்வளவு தளர்வாகப் பிடிக்கிறது என்பதைச் சொல்லும் ஓர் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேசான சுமைக்குச் சீக்கிரம் பிடித்துவிடும், பெரிய சுமை வந்தால்தான் வழுக்கும்.

ஆனால் அதற்காக 3500 போட்டுவிடாதீர்கள், நான் போட்டேன். 1970 நோவா, 350, உங்கள் கேமைவிடச் சிறிய கேம், பின்னால் 2.73. ஆன்லைனில் "3000–3500" என்று அச்சடித்த பெட்டி ஒன்றை விலை குறைவு என்று வாங்கினேன். வாங்கும்போது யாரும் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, அப்போதே யோசித்திருக்க வேண்டும். இங்கே ஹூஸ்டன் வெயில் உங்களுக்குத் தெரியும். 65 மைலில் 2,300 சுற்ற வேண்டிய இன்ஜின் 2,700ல் சுற்றியது, அதாவது மீதி 400 முழுக்க ஆயிலைக் கடைந்து சூடாக்கிக்கொண்டிருந்தது. நான்கே மாதத்தில் ஆயில் சிவப்பிலிருந்து காப்பி டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டது, டிப்ஸ்டிக்கை எடுத்தால் கருகிய வாடை. கேஜ் வைத்துப் பார்த்தபோது 250 டிகிரி ஃபாரன்ஹீட். 175ஐ ஒட்டி இருந்தால் நல்லது, 200 வந்தால் கவனிக்க வேண்டும், 250 என்றால் உள்ளே சீலும் கிளட்ச் பிளேட்டும் வெந்துகொண்டிருக்கின்றன.

கடைசியில் கியர் பாக்ஸையே இறக்க வேண்டியதாகிவிட்டது. அப்புறம் ஆர்டரின் பேரில் கன்வெர்ட்டர் கட்டிக்கொடுக்கும் ஒருவரிடம் போனேன். அவர் போனில் இருபது நிமிடம் கேள்வி கேட்டார். வண்டி எடை, கேம் எண், கம்ப்ரஷன், பின் ரேஷியோ, டயர் உயரம், டிரைவில் வேக்குவம் எவ்வளவு, ஏசி உண்டா, நைட்ரஸ் உண்டா, வாரத்தில் எத்தனை மைல் ஓட்டுவேன் என்று வரிசையாக. 10 இன்ச்சில் 2600 வருகிற மாதிரி கட்டித் தந்தார். ஆறு வருடமாக அதே கன்வெர்ட்டர்தான் ஓடுகிறது.

உங்கள் வண்டிக்கு 3.08ஐ வைத்துக்கொண்டே போனால் 2500, 2600. ரேஷியோவை மாற்றுவதாக இருந்தால் 2800 வரை போகலாம்.

---

சான்அன்டோனியோ_எல்எஸ் எழுதியது:

ஹூஸ்டன் அண்ணன் சொல்வதில் ஒரு விஷயத்தை மட்டும் மறுக்கிறேன். அவர் வண்டியைக் கெடுத்தது 3500 என்ற எண் இல்லை, மலிவான கன்வெர்ட்டரும் 2.73 ரேஷியோவும்தான். நான் தினமும் வேலைக்கு ஓட்டும் வண்டியில் 3200 இருக்கிறது, 5.3 எல்எஸ் இன்ஜின், 4எல்60இ கியர் பாக்ஸ், பின்னால் 3.73. பார்க்கிங்கில் உருட்டும்போது கம்பெனி கன்வெர்ட்டர் மாதிரியே இருக்கும், மிதித்தால்தான் தெரியும். நல்ல கையால் கட்டிய 3000, கன்னாபின்னாவென்று கட்டிய 2400ஐவிட இறுக்கமாகப் பிடிக்கும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதுதான் என் கருத்து, இந்த கேம் 2,800க்கு மேல்தான் விழிக்கிறது என்றால் அங்கே கொண்டுபோய் விடும் கன்வெர்ட்டரைத்தான் போட வேண்டும்.

---

ஆயில்_அழுத்தம் எழுதியது:

நான் கியர் பாக்ஸ் வடிவமைப்புப் பக்கம் வேலை பார்ப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். சான் அன்டோனியோ தம்பி சொல்வது அவர் வண்டிக்குச் சரி, ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது: 4எல்60இ-யில் லாக்கப் உண்டு. ஹைவேயில் உள்ளே ஒரு கிளட்ச் பிடித்து வழுக்கலையே இல்லாமல் செய்துவிடும். டிஎச்350க்கு அது கிடையாது (எழுபதுகளின் கடைசியில் லாக்கப் வைத்த ஒரு வகை வந்தது, செவெலில் இருப்பது அது இல்லை). ஓவர்டிரைவும் (ஹைவேயில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் மேல் கியர்) கிடையாது, 2.52, 1.52, 1.00, அவ்வளவுதான். அதனால் அவருடைய 3200ஐயும் டிராய் நண்பருக்கு வேண்டியதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இப்போது அந்தப் பெட்டி மேல் இருக்கிற எண்ணைப் பற்றி. அது கன்வெர்ட்டரின் குணம் இல்லை. கன்வெர்ட்டரும் இன்ஜினும் சேர்ந்து கொடுக்கும் விளைவு. உள்ளே மூன்று சக்கரம்: இன்ஜினோடு சுற்றும் பம்ப், கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டோடு சுற்றும் டர்பைன், நடுவில் ஒரு பக்கம் மட்டும் சுற்றக்கூடிய ஸ்டேட்டர். பம்ப் ஆயிலை டர்பைன் மேல் வீசுகிறது, திரும்பி வரும் ஆயிலை ஸ்டேட்டர் திருப்பிவிட்டுப் பம்ப்புக்கே உதவியாக அனுப்புகிறது, அதனால்தான் கிளம்பும் நேரத்தில் இன்ஜின் கொடுக்கும் டார்க் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. பம்ப்பைச் சுற்றத் தேவைப்படும் டார்க், வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். இதைத் திருப்பிச் சொன்னால், ஸ்டால் ஆர்பிஎம் இன்ஜின் டார்க்கின் வர்க்கமூலத்தோடு ஏறும். ஆர்பிஎம்மை டார்க்கின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவதை நாங்கள் கே ஃபேக்டர் என்போம், கன்வெர்ட்டருக்கு உண்மையில் சொந்தமான எண் அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன்வெர்ட்டரை 400 பவுண்டு-அடி டார்க் தரும் பெரிய இன்ஜினில் சோதித்து 2800 என்று எழுதியிருக்கிறார்கள் என்று வையுங்கள். 400க்கு வர்க்கமூலம் 20, ஆக கே 140. அதே கன்வெர்ட்டரை அந்த ஆர்பிஎம் பக்கம் 300 தரும் உங்கள் 350க்குப் பின்னால் மாட்டினால் 140ஐ 17.3ஆல் பெருக்க வேண்டும், கிடைப்பது 2,425. இன்னும் சாதுவான 250 தரும் இன்ஜின் என்றால் 2,213. கன்வெர்ட்டர் ஒன்றுதான், மூன்று வண்டியில் மூன்று ஸ்டால். "என் வண்டியில் 2800 இருக்கு, சூப்பர்" என்று யாராவது சொன்னால் அவர் இன்ஜின் என்ன என்று கேட்காமல் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

கிளம்பும்போது இருக்கும் மந்தம் ஏன் என்பதும் இதில் இருக்கிறது. உங்கள் 12 இன்ச் 1,700 பக்கம் ஸ்டால் ஆகிறது என்று கொள்வோம், அங்கே அந்த கேமோடு 240 பவுண்டு-அடி வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். கன்வெர்ட்டர் 2 மடங்கு, முதல் கியர் 2.52, ஆக்சில் 3.08, பெருக்கினால் ஆக்சிலில் 3,725. 2,600ல் இன்ஜின் 300 கொடுத்தால் அதே கணக்கு 4,657. இன்ஜினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் கிளம்பும் இழுவையில் கால் பங்கு கூடுகிறது.

சரி, அப்படியானால் இன்னும் மேலே போனால் என்ன? இங்கேதான் சூடு வருகிறது. 65 மைலில் சமதளத்தில் போக கியர் பாக்ஸுக்கு 22 ஹார்ஸ்பவர் வேண்டும் என்று வையுங்கள். 5 சதவீதம் வழுக்கினால் வீணாவது ஒரு ஹார்ஸ்பவருக்குக் கொஞ்சம் மேலே, சுமார் 0.9 கிலோவாட், வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்று ஆயிலுக்குள் இருக்கிற மாதிரி. 15 சதவீதம் வழுக்கினால் 2.9 கிலோவாட், மூன்று இஸ்திரிப் பெட்டி, அதுவும் டிராவர்ஸ் சிட்டி வரை நான்கு மணி நேரம். ரேடியேட்டருக்குள் இருக்கும் சின்னக் கூலர் அதைத் தாங்காது.

உங்கள் இன்ஜின் ஹைவேயில் எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றும் என்பதற்குப் பழைய சூத்திரம் இருக்கிறது: மைல் வேகத்தை ரேஷியோவாலும் 336ஆலும் பெருக்கி டயர் உயரத்தால் வகுக்க வேண்டும். 65, 3.08, 26 போட்டால் 2,587. 3.42 போட்டால் 2,873. 3.73 போட்டால் 3,133. இதில் வழுக்கல் சேரவில்லை, கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். 3.08ல் 3500 ஸ்டால் போட்டால் அந்த 2,587ல் கன்வெர்ட்டர் இன்னும் தளர்வான பகுதியிலேயே இருக்கும். 2600 என்று கட்டினால் அதே வேகத்தில் ஏறத்தாழ முழுவதும் பிடித்திருக்கும்.

ஆகவே கேம் எங்கே வேலை செய்யத் தொடங்குகிறதோ அதற்குச் சில நூறு ஆர்பிஎம் மேலே ஸ்டால், ஆனால் ஹைவே ஆர்பிஎம்மைவிட மிக மேலே போகாமல். லாக்கப் இல்லாத கியர் பாக்ஸில் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடம் சின்னது. உங்களுக்கு அது 2,500 முதல் 2,800.

ஸ்டேட்டரைப் பற்றியும் ஒரு வரி, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்பதால். 1965 முதல் 1967 வரை பியூக், ஓல்ட்ஸ்மொபில், கடிலாக் வண்டிகளில் வந்த டர்போ 400 வகைக் கியர் பாக்ஸ்களில் ஸ்டேட்டர் இதழ்கள் இரண்டு கோணத்துக்கு மாறும். மிதித்தால் தளர்ந்து ஸ்டால் ஏறும், விட்டால் இறுகும். நீங்கள் இன்று தேடிக்கொண்டிருக்கும் இரண்டும் ஒரே கன்வெர்ட்டருக்குள் இருந்தது. 1968க்கு அதை நிறுத்திவிட்டார்கள், எனக்கு இன்றும் அது ஒரு பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

---

ஸ்கார்பரோ_கிழக்கு எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் டொராண்டோ பக்கம், 1979 மாலிபு வைத்திருக்கிறேன். மூன்று கியரையே கட்டிப்பிடித்துக்கொண்டு ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கத்தான் வந்தேன். நான் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கான 700ஆர்4 போட்டேன். முதல் கியர் 3.06, கடைசி கியர் 0.70, லாக்கப்பும் உண்டு. பின்னால் 3.73 வைத்தாலும் 65 மைலில் 2,200 தான் சுற்றும். கிளம்பும்போது முதல் கியரே நன்றாக இழுப்பதால் பெரிய ஸ்டாலும் தேவைப்படாது, 2400 எனக்குப் போதும்.

1982ல் வந்த முதல் பெட்டிகளை வாங்க வேண்டாம், 1987க்குப் பிறகு வந்தவை நல்லவை. குறுக்குச் சட்டத்தைப் பின்னால் தள்ள வேண்டும், டிரைவ் ஷாஃப்ட்டைத் திரும்ப அளக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் டிவி கேபிள், அதாவது கார்புரேட்டரிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் கம்பி. அதைச் சரியாக இழுத்துக் கட்டாமல் ஒரு நாள் ஓட்டினாலும் கிளட்ச் எரிந்துவிடும், என் மச்சானுடைய பெட்டி அப்படித்தான் போனது. வேலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் மனைவி பிள்ளையோடு தூரப் பயணம் போகிற வண்டி என்று சொன்னீர்கள், அதற்காகத்தான் சொல்கிறேன்.

---

டிராய்_செவெல்72 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக யாரும் எனக்கு இதுவரை சொன்னதில்லை. 700ஆர்4 யோசனை நல்லது, ஆனால் இந்த டிஎச்350ஐ என் கையால் இப்போதுதான் கட்டினேன், ஒரு கோடையாவது அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. இரண்டு கேள்வி. ஒன்று, இப்போதைய கன்வெர்ட்டரின் ஸ்டால் எவ்வளவு என்று நானே எப்படிப் பார்ப்பது, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் போதுமா? இரண்டு, ஸ்டால் கூடினால் ஐடில் பிரச்சினை உண்மையிலேயே தீருமா, இல்லை அதற்கு கேமைத்தான் மாற்ற வேண்டுமா?

---

ஆயில்_அழுத்தம் எழுதியது:

தீரும். ஐடிலில் இன்ஜினைக் கீழே இழுப்பது அந்த இறுக்கமான 12 இன்ச்தான். கே கூடினால் அதே 800 ஆர்பிஎம்மில் பம்ப்பைச் சுற்றத் தேவையான டார்க் குறையும், இன்ஜின் மூச்சுவிடும், வேக்குவமும் கொஞ்சம் ஏறும், முன்னால் தள்ளுவதும் குறையும். கேமை மாற்றச் சொன்ன மெக்கானிக் தவறாகச் சொல்லவில்லை, இறுக்கமான கன்வெர்ட்டருக்குப் பொருந்தும் கேம் சிறியதுதான். நீங்கள் எந்தப் பக்கத்தை மாற்றப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

பிரேக் மிதித்துப் பார்ப்பதைப் பற்றி: இந்த அளவு இன்ஜினில் பின் சக்கரம் பிரேக்கை மீறிச் சுற்றிவிடும், அதற்கு முன் எந்த எண் தெரிகிறதோ அது உண்மையான ஸ்டால் இல்லை. அதோடு வண்டி நிற்கும்போது இன்ஜின் கொடுக்கும் அத்தனையும் சூடாகத்தான் மாறும். 2,500ல் 300 பவுண்டு-அடி என்றால் 143 ஹார்ஸ்பவர், அதாவது 106 கிலோவாட், பத்துப் பன்னிரண்டு லிட்டர் ஆயிலுக்குள். ஐந்து நொடிக்கு மேல் பிடிக்கவே கூடாது. முன்னால் ஆள் நிற்கக் கூடாது என்பதையும் சொல்லத் தேவையில்லை.

ஃப்ளாஷ் ஸ்டால் பார்ப்பதுதான் சரியான வழி. ஆள் இல்லாத நேரான சாலையில் கீழ்க் கியரில் வைத்து மெதுவாக உருட்டிக்கொண்டு போய் ஒரே மிதியாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் ஒரு இடத்துக்குத் துள்ளும், ஒரு கணம் தயங்கும், அதற்குப் பிறகுதான் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து ஏறும். அந்தத் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் வீடியோ எடுத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும், ஓட்டும்போது நீங்கள் எடுக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும். கன்வெர்ட்டர் கட்டுபவரிடம் எண் சொல்லும்போதும் "ஃப்ளாஷ் 2,600 வேண்டும்" என்று சொல்லுங்கள், வெறும் 2600 என்றால் அவர் ஒன்றை நினைப்பார் நீங்கள் ஒன்றை நினைப்பீர்கள்.

---

ஹூஸ்டன்_நோவா எழுதியது:

கட்டுபவரிடம் ஹார்ஸ்பவரைக் கூட்டிச் சொல்லாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் 320 வரும் இன்ஜினை 420 என்று சொல்வார்கள். அவர் 420க்குக் கணக்குப் போட்டு இறுக்கமாகக் கட்டிக் கொடுப்பார், வண்டியில் மாட்டினால் ஸ்டால் கீழே இறங்கி நிற்கும், அப்புறம் கட்டியவர் மேல் கோபம் வரும். எடையையும் எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டே சொல்லுங்கள்.

கன்வெர்ட்டருக்கென்று ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை எடுத்து வைத்துப் பெரிய கூலர் ஒன்றும் வெப்பக் கேஜ் ஒன்றும் வாங்குங்கள், இல்லாமல் கன்வெர்ட்டரை மாட்டாதீர்கள். அடுக்குத் தகடு வகைக் கூலர், ரேடியேட்டருக்கு முன்னால். வுட்வர்டில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது காற்றே வராது, அதனால் அதற்கென்று ஒரு சின்ன ஃபேன் இருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் ஆக்சில் 72 மாடலின் 8.5 இன்ச் 10 போல்ட்தானே? அதில் 2.73க்கு மேல் எல்லா ரேஷியோவும் ஒரே கேரியரில் (கியரைத் தாங்கும் உள்கூடு) உட்காரும். பின்னால் எப்போதாவது 3.42 போட நினைத்தால் கிரௌன் பினியன் மட்டும் மாற்றினால் போதும். கன்வெர்ட்டருக்குச் சொல்லும்போதே அதையும் சொல்லிவிடுங்கள்.

---

மெல்பன்_கேரேஜ் எழுதியது:

எண்ணைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், மாட்டுவதைப் பற்றி நான் சொல்கிறேன். இங்கே நண்பர்களின் ஹோல்டன் கார்களில் இதே வேலையைப் பலமுறை செய்திருக்கிறேன், புதுக் கன்வெர்ட்டரை மாட்டிய அன்றே ஆயில் பம்ப்பை உடைத்தவர்கள் இருக்கிறார்கள்.

கன்வெர்ட்டர் உள்ளே போகும்போது மூன்று இடத்தில் பிடிக்க வேண்டும்: ஷாஃப்ட் பல், ஸ்டேட்டர் பல், கடைசியாகப் பம்ப்பின் காது. தள்ளிக்கொண்டே மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொன்றாக "டொக், டொக், டொக்" என்று உள்ளே இறங்கும். இரண்டு டொக்கோடு நிறுத்திவிட்டுப் கியர் பாக்ஸை இன்ஜினோடு வைத்து போல்ட்டால் இறுக்கினால் பம்ப் நொறுங்கும். கியர் பாக்ஸும் இன்ஜின் பிளாக்கும் கையாலேயே ஒட்டி உட்கார வேண்டும், போல்ட் போட்டு இழுத்து உட்கார வைக்கக் கூடாது. உட்கார்ந்த பிறகு கன்வெர்ட்டர் கையால் சுதந்திரமாகச் சுற்ற வேண்டும், ஃப்ளெக்ஸ்பிளேட் (இன்ஜின் பின்னால் இருக்கும், கன்வெர்ட்டரை போல்ட் செய்யும் தகடு) வரை அதை முன்னால் இழுக்கும் தூரம் 1/8 முதல் 3/16 இன்ச்சுக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் வாஷர் வைத்துச் சரிசெய்யலாம், குறைவாக இருந்தால் நிறுத்திவிட்டு ஏன் என்று பாருங்கள்.

மாட்டுவதற்கு முன் ஒரு குவார்ட் ஆயிலை கன்வெர்ட்டருக்குள் ஊற்றிவிடுங்கள். பழைய கூலர் குழாய்களைக் கழுவாமல் புதுசில் இணைக்காதீர்கள், பழைய கிளட்ச் தூள் எல்லாம் அங்கேதான் தங்கியிருக்கும்.

---

டிராய்_செவெல்72 எழுதியது:

வுட்வர்ட் முடிந்து நேற்றுதான் வண்டியைக் கழுவினேன், எப்படி முடிந்தது என்று எழுதுகிறேன்.

பழைய 12 இன்ச்சில் ஃப்ளாஷ் பார்த்தேன், 1,750. எடைமேடையில் என்னோடு 3,680. மூன்று கன்வெர்ட்டர்காரர்களிடம் பேசினேன். ஒருவர் "2800 ஸ்டாக்கில் இருக்கு, அனுப்பட்டுமா" என்று மட்டும் கேட்டார். இன்னொருவர் கேம் எண்ணை மட்டும் கேட்டார். மூன்றாமவர் டிரைவில் வேக்குவம் எவ்வளவு என்று கேட்டதும் அவரிடமே சொல்லிவிட்டேன். 10 இன்ச், உராய்வு வாஷருக்குப் பதில் நீடில் பேரிங், இதழ்கள் சூளையில் பிரேஸ் செய்தது. அவர் சொன்ன எண் 2,650, பின்னால் 3.42க்கு மாறினாலும் இதுவே சரியாக இருக்கும் என்றார்.

மாட்டும்போது மெல்பன் நண்பர் சொன்ன மூன்று டொக்கையும் எண்ணினேன். முதல் முறை இரண்டுதான் கேட்டது. வெளியே எடுத்துத் திரும்ப வைத்தேன், பையன் டார்ச் அடித்தான், மூன்றாவது கேட்டபோது இரண்டு பேரும் சேர்ந்து கத்திவிட்டோம். இடைவெளி 5/32 இன்ச் வந்தது.

இப்போது நியூட்ரலில் 900, டிரைவில் 800. ஆஃப் ஆவதே இல்லை, குத்தும் போய்விட்டது. வேக்குவம் 9லிருந்து 12 ஆகியிருக்கிறது, பிரேக்கில் வித்தியாசம் காலுக்கே தெரிகிறது. ஃப்ளாஷ் 2,600க்கும் 2,700க்கும் நடுவில் நிற்கிறது. லேசாக மிதித்தால் 1,500 பக்கமே நகர்ந்துவிடுகிறது, 3,000 வரை நகராது என்று நினைத்துக்கொண்டிருந்ததை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. முழுசாக மிதித்தால் முன்பு இருந்த மந்தமான இடம் வழியாகப் போவதே இல்லை, நேராக கேம் விழித்திருக்கும் இடத்தில் போய் நிற்கிறது.

ஹைவேயில் 65ல் 2,700 சுற்றுகிறது, ஆயில் 175, 180. வுட்வர்டில் ஃபெர்ண்டேலிலிருந்து பாண்டியாக் பக்கம் போகும் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் ஊர்ந்தபோது 205 வரை ஏறியது, கூலர் ஃபேனைப் போட்டதும் பத்து நிமிடத்தில் 190க்கு இறங்கியது. கேஜின் சென்சாரைக் கூலருக்குப் போகும் குழாயில் வைத்திருக்கிறேன், அதாவது கன்வெர்ட்டரிலிருந்து சூடாக வெளியே வரும் இடம். கியர் பாக்ஸுக்கு அடியில் இருக்கும் ஆயில் பானில் வைத்தால் இதைவிடக் குறைவாகக் காட்டும் என்று கன்வெர்ட்டர் கட்டியவர் சொன்னார்.

ஒன்று மட்டும் மிச்சம். முழு மிதியில் 4,600லேயே இரண்டாவது கியருக்குப் போய்விடுகிறது, இந்த கேம் 5,500 வரை இழுக்கும். கவர்னர் (வண்டி வேகத்தைப் பார்த்து கியர் மாற்றத்தைத் தீர்மானிக்கும் பாகம்) எடையையும் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும் என்று படித்தேன். டிஎச்350ல் கவர்னரை வண்டிக்கு அடியிலிருந்தே கழற்ற முடியுமா, யாராவது செய்திருக்கிறீர்களா?

---

ஹூஸ்டன்_நோவா எழுதியது:

முடியும் தம்பி, கியர் பாக்ஸை இறக்கவே வேண்டாம். டிரைவர் பக்கம் பெட்டியின் பின்பகுதியில் வட்டமான மூடி ஒன்றை வளைகம்பி பிடித்துக்கொண்டிருக்கும், அதைத் தள்ளிவிட்டு மூடியை எடுத்தால் கவர்னர் மெதுவாகச் சுற்றிக்கொண்டே வெளியே வரும். கீழே ஒரு தட்டு வையுங்கள், கொஞ்சம் ஆயில் கொட்டும். எடையைக் குறைத்தால் கியர் தாமதமாக மாறும், கூட்டினால் சீக்கிரம். முதலில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பாருங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் எத்தனையில் மாறுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூடியின் ரப்பர் சீல் பழசாக இருந்தால் புதுசு போடுங்கள், கசிந்தால் நேராக எக்ஸாஸ்ட் மேல்தான் விழும்.